மனித வரலாறும் ஓர் இறையியல் ஊற்றே

ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் நம்பிக்கைத் தொகுப்பில் இயேசுவையும் அன்னை மரியாவையும் தவிர இன்னொரு மனிதரின் பெயரும் இடம்பெறுகிறது. அவர் புனிதர் அல்லர், திருத்தூதரும் அல்லர். உரோமைப் பேரரசின் ஒரு சிறு நிலப்பகுதியை ஆண்ட போஞ்சு பிலாத்து என்னும் ஆளுநர். படைப்பு, மீட்பு, நிலைவாழ்வு போன்ற பெரும் மறைபொருள்களுக்கு நடுவே ஓர் அரசு அலுவலரின் பெயர் நிற்பது தற்செயலன்று. நம் மீட்பு ஒரு குறிப்பிட்ட நாட்டில், ஒரு குறிப்பிட்ட ஆட்சியில், மனிதர் கண்முன் நிகழ்ந்தது என்பதற்கு அப்பெயர் சான்றாக நிற்கிறது. நற்செய்தியாளர் லூக்காவும் திருமுழுக்கு யோவானின் பணியைக் கூறத் தொடங்குகையில் திபேரியு சீசரின் பதினைந்தாம் ஆண்டு என்று காலத்தைக் குறித்துவிட்டே தொடர்கிறார்.

ஆயினும் இறையியல் ஆய்வு என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன மூன்றே. திருவிவிலியம் ஒன்று, திருச்சபைத் தந்தையரின் நூல்கள் மற்றொன்று, சங்கங்களும் திருத்தந்தையரும் வெளியிட்ட ஏடுகள் பிறிதொன்று. இவை அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. ஆனால் இவற்றிலிருந்து மேற்கோள்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி, ஒரு முடிவுரை எழுதிவிட்டால் ஆய்வு நிறைவுற்றது என்னும் எண்ணமும் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வரலாறு அந்த ஆய்வின் முன்னுரையில் இரண்டு பக்கம் பெறுகிறது, பிறகு மறக்கப்படுகிறது. வரலாற்றுக்கு இறையியலில் உரிய இடம் எது, அதன் மூலங்களை எவ்வாறு அணுகுவது என்பதை நம் தமிழ்த் திருச்சபையின் சில சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பத்து இடங்கள்

இறையியலுக்கு மூலங்கள் எவை என்னும் வினாவிற்கு முறையான விடை அளித்தவருள் முதன்மையானவர் ஸ்பெயின் நாட்டுத் தொமினிக்கன் சபைத் துறவி மெல்கியோர் கானோ ஆவார். சலமான்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், திரிதெந்தின் சங்கத்தில் பங்கேற்றவர், 1560-இல் மறைந்தவர். அவர் நிறைவு செய்யாது விட்டுச் சென்ற 'இறையியல் இடங்கள்' என்னும் இலத்தீன் நூல் 1563-இல் சலமான்காவில் அச்சேறியது. ஒரு வழக்கறிஞர் தம் வாதத்திற்குரிய சான்றுகளை எங்கெங்குத் தேட வேண்டும் என்று பண்டைய நாவலர்கள் வகுத்ததைப் போன்று, இறையியலார் தம் சான்றுகளைத் தேட வேண்டிய இடங்கள் பத்து என்று கானோ வகுத்தார்.

திருநூல், திருத்தூதர் மரபு, முழுத் திருச்சபை, பொதுச்சங்கங்கள், உரோமைத் திருச்சபை, திருச்சபைத் தந்தையர், இறையியல் அறிஞர் ஆகிய ஏழும் இறையியலுக்கே உரியவை. மனித அறிவு, மெய்யியலார், மனித வரலாறு ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பெறப்படுபவை. பத்தாவதாக நிற்பது வரலாறு. கடைசியில் வைத்தாலும் கானோ அதனைக் குறைத்து மதிக்கவில்லை. வரலாறு அறியாத இறையியலார் எத்துணைப் பிழைகளுக்கு ஆளாவர் என்பதை அவர் விரிவாகவே எடுத்துக்காட்டுகிறார். வரலாற்று ஆசிரியர்களுள் யாரை நம்புவது என்பதற்கும் அளவுகோல் தருகிறார்: நேர்மையோடு தாம் கண்டதை அல்லது கண்டவரிடம் கேட்டதை எழுதியவரா? கிடைத்த செய்திகளுள் தக்கதைத் தெரிந்தெடுக்கும் முதிர்ச்சி உடையவரா? திருச்சபையின் மதிப்பைப் பெற்றவரா?

இவ்வளவுகோலைத் தம்மவர் மீதும் அவர் தயங்காது பயன்படுத்தினார். மெய்யியலாரின் வாழ்க்கையை எழுதிய பழைய கிரேக்க ஆசிரியர் காட்டிய நேர்மையைப் புனிதர் வரலாறு எழுதிய கிறிஸ்தவர் சிலர் காட்டவில்லையே என்று அவர் வருந்துகிறார். பக்திக்காகவும் பொய் சொல்லலாகாது என்பதே அதன் உட்கிடை.

இங்கு ஒரு முரணையும் குறிப்பிட வேண்டும். புதிதாகத் தோன்றியிருந்த இயேசு சபையைக் கடுமையாக எதிர்த்தவர் கானோ. ஆனால் அவருடைய பத்தாவது இடத்திற்கு நம் நாட்டில் மிகுதியான சான்றுகளை விட்டுச்சென்றவர்கள் அந்த இயேசு சபையினரே.

ஒரு சொல்லைத் திருத்திய மடல்

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் கோவாவை அடைந்து, அவ்வாண்டே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்குள்ள பரதவர் 1535-ஐ அடுத்த ஆண்டுகளில் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆனால் போதிய மறைக்கல்வி பெறவில்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் அறிந்த சிலரைக் கூட்டி, பெருமுயற்சியுடன் மன்றாட்டுகளைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியேந்தி ஊர் ஊராகச் சென்று சிறுவரைத் திரட்டிக் கற்பித்ததை, 1544 சனவரியில் உரோமையிலிருந்த தம் சபையினருக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் அவரே விவரிக்கிறார். இம்மடல் ஐரோப்பா எங்கும் படிக்கப்பட்டது.

அதே 1544-இல் அவர் தம் உடனுழைப்பாளர் பிரான்சிஸ்கு மன்சிலாசுக்கு எழுதிய சிறு மடல்கள் அத்துணைப் புகழ் பெறவில்லை. அவற்றுள் ஒன்றில், நம்பிக்கைத் தொகுப்பின் தமிழாக்கத்தில் ஒரு திருத்தம் செய்யுமாறு பணிக்கிறார். முதல் மொழிபெயர்ப்பில் 'நம்புகிறேன்' என்னும் பொருளுக்கு 'எனக்கு வேணும்' என்று அமைந்துவிட்டது. 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிக்கும். எனவே 'விசுவாசம்' என்னும் சொல்லை இட வேண்டும் என்கிறார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறும் இடத்தில் பலவந்தத்தைச் சுட்டும் ஒரு சொல்லையும் நீக்கச் சொல்கிறார். ஏனெனில் ஆண்டவர் தாமே விரும்பிப் பாடுபட்டார், பிறர் வன்மையால் அன்று.

மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இது ஒரு மொழிபெயர்ப்புத் திருத்தம். நின்று பார்ப்பவருக்கு இது ஓர் இறையியல் ஏடு. நம்பிக்கை என்பது விருப்பமா, ஒப்புக்கொடுத்தலா? பாடுகள் நேர்ந்தவையா, ஏற்கப்பட்டவையா? இவ்வினாக்கள் பாரிசிலோ சலமான்காவிலோ எழுவதற்குப் பதிலாக மணப்பாட்டுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மீன்பிடி வலைகள் உலர்ந்த மணலில் எழுந்தன. அவற்றிற்கு விடை காணத் தமிழ் பேசிய ஒருவர் சவேரியாருக்குத் தேவைப்பட்டார். 'வேணும்' என்றால் என்ன பொருள் என்பதை எடுத்துரைத்த அந்த மனிதரும் தம்மளவில் ஓர் இறையியல் ஆசிரியரே.

இப்பணியைத் தொடர்ந்து செய்தவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழில் வழங்கப்படும் என்றிக்கே என்றிக்கசு. 1546-இல் இந்தியா வந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறையை அடைந்து, 1600-இல் புன்னைக்காயலில் இறக்கும்வரை அக்கடற்கரையிலேயே வாழ்ந்தவர். 1578 அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. இந்திய எழுத்துகளில் அச்சிடப்பட்டுக் கிடைத்துள்ள நூல்களுள் முதன்மையானது. 1579-இல் 'கிரீசித்தியானி வணக்கம்' கொச்சியில் வெளிவந்தது. ஒப்புரவு பற்றிய கையேடு 1580-இலும், புனிதர் வரலாறாகிய பெருநூல் 1586-இலும் தொடர்ந்தன.

இந்நூல்கள் எங்கே உள்ளன? உரோமன் எழுத்துகளில் தமிழைப் பதிப்பித்த 1554-ஆம் ஆண்டு மறைக்கல்விச் சுவடி லிஸ்பனில் உள்ளது. தம்பிரான் வணக்கம் அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில். ஒப்புரவுக் கையேடு ஆக்சுபோர்டில். அடியார் வரலாறு வத்திக்கான் நூலகத்தில். அண்டிரிக் அடிகளாரின் தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் நான்கு நூற்றாண்டுகள் அச்சேறாது கிடந்து, 1982-இல்தான் பதிப்பிக்கப்பெற்றது. 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் கண்டது. தமிழ்க் கிறிஸ்தவச் சிந்தனையின் முதற்பக்கங்களைக் காண நாம் கடல் கடக்க வேண்டியிருந்தது. அவ்வாறு கடந்தவருள் இருவரை நன்றியுடன் நினைக்கிறோம். தனிநாயகம் அடிகளார் ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளைத் தேடிக் கண்டு அறிவித்தார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரோயன்சா அடிகளின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை வத்திக்கானில் கண்டு, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். இயேசு சபை அருள்திரு இராசமாணிக்கம் அடிகளார் தம்பிரான் வணக்கத்தையும் அடியார் வரலாற்றையும் தத்துவ போதகரின் நூல்களையும் பதிப்பித்துத் தமிழருக்கு மீட்டளித்தார்.

சொல்லே சான்று

இம்மூலங்களை அணுகும் முதல் வழி சொல்லாராய்ச்சி. நம் முன்னோர் 'இஸ்பிரீத்து சாந்து' என்று சிலுவை அடையாளம் வரைந்தனர். அடுத்த தலைமுறை 'பரிசுத்த ஆவி' என்றது. நாம் 'தூய ஆவி' என்கிறோம். 'மிசை' என்று போர்த்துக்கீசிய ஒலியிலேயே வழங்கிய வழிபாடு 'பூசை' ஆகி, இன்று 'திருப்பலி' என நிற்கிறது. 'ஞானஸ்நானம்' என்பது 'திருமுழுக்கு' ஆனது. 'குருசு' என்பது 'சிலுவை' ஆனது.

இம்மாற்றங்களை மொழித்தூய்மையின் வரலாறு என்று மட்டும் கருதுவது போதாது. போர்த்துக்கீசியச் சொல்லை அப்படியே வைத்தவருக்கு ஓர் அச்சம் இருந்தது: உள்ளூர்ச் சொல்லை எடுத்தால் அதனோடு உள்ளூர்ச் சமயப் பொருளும் உடன்வந்துவிடும் என்பதே அது. 'பூசை' என்றும் 'பிரசாதம்' என்றும் 'குரு' என்றும் துணிந்து எடுத்தவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது: சொல் திருமுழுக்குப் பெறக்கூடியது என்பதே அது. அச்சத்திற்கும் நம்பிக்கைக்கும் இடையே நடந்த வழக்கைச் சொற்களின் வரிசையே நமக்குக் காட்டிவிடுகிறது.

இறைவனைக் குறிக்கும் சொல்லிலும் இதனைக் காணலாம். அண்டிரிக் அடிகளார் 'தம்பிரான்' என்றார். தத்துவ போதகர் 'சர்வேசுரன்' என்றார். தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவும் 'சர்வேசுரன்' என்பதையே ஏற்றார். பின்னர்ப் பப்ரிசியுசு 'பராபரன்' என்றார்; பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்த சபையினரின் மொழிபெயர்ப்பில் 'தேவன்' நிலைபெற்றது; 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் 'கடவுள்' என்பது இரு சபையினருக்கும் பொதுவாயிற்று. சீகன்பால்கு 1708-இல் தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் கத்தோலிக்கரின் தமிழ் நூல்களும் இடம்பெற்றுள்ளன. கோட்பாட்டில் பிரிந்து நின்றவர்கள் சொற்களில் ஒருவரிடம் ஒருவர் கடன் பெற்றுள்ளனர். கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஆராய்வோர் இக்கடன் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கடிதத்தின் இலக்கிய வகை

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கம், விவிலிய ஆசிரியரின் கருத்தை அறிய அவர் கையாண்ட இலக்கிய வகையைக் கருத வேண்டும் என்று கற்பித்தது. திருநூலுக்கே இவ்விதி பொருந்துமாயின் மறைப்பணியாளரின் மடல்களுக்கும் அது பொருந்தும் அன்றோ?

இயேசு சபையினரின் மடல்கள் ஒரே வகையின அல்ல. தலைவருக்கு மட்டும் எழுதப்பட்ட ஆளுகை மடல் ஒரு வகை. ஒவ்வோர் ஆண்டும் பணித்தளத்தின் நிலையைத் தொகுத்து அனுப்பிய ஆண்டு மடல் மற்றொரு வகை. ஐரோப்பிய வாசகருக்காகத் திருத்தி அச்சிடப்பட்ட மடல் மூன்றாம் வகை. 1702 முதல் 1776 வரை பாரிசில் 34 தொகுதிகளாக வெளிவந்த 'ஞான நன்மையும் ஆர்வமும் தரும் மடல்கள்' இம்மூன்றாம் வகையைச் சார்ந்தவை. வாசகரின் பக்தியைத் தூண்டவும், பொருளுதவி திரட்டவும், எதிர்த்தோருக்கு விடை கூறவும் அவை பயன்பட்டன. பதிப்பாசிரியர்கள் சிலவற்றைச் சுருக்கினர், சிலவற்றை மெருகேற்றினர். அவை பொய் என்று நாம் கூறவில்லை. ஆனால் பாரிசில் அச்சான மடலை உரோமை ஆவணக் காப்பகத்திலுள்ள கையெழுத்துப்படியோடு ஒப்பிடாமல் முடிவு கூறுதல் ஆய்வாளருக்கு அழகன்று. 1540 முதல் 1597 வரையுள்ள இந்திய மடல்களை மூல வடிவிலேயே பதினெட்டுத் தொகுதிகளாக 1948-க்கும் 1988-க்கும் இடையே பதிப்பித்த யோசேப்பு விக்கி அடிகளாரின் பணி இதனால்தான் விலைமதிப்பற்றது.

மூலத்தை ஆராயாது நம்பியவர் எங்குச் சென்று முடிந்தனர் என்பதற்குப் புதுச்சேரியோடு தொடர்புடைய 'எசூர் வேதம்' ஒரு பாடம். வேதம் என்னும் பெயரில் பிரெஞ்சு மொழியில் அமைந்த இந்நூலின் கையெழுத்துப்படி 1760-இல் வால்தேரின் கைக்கு எட்டியது. அவர் அதனை மிகத் தொன்மையான இந்திய நூல் எனக் கருதி, 1761-இல் பிரெஞ்சு அரசு நூலகத்தில் சேர்த்தார். விவிலியத்தின் தொன்மையை மறுக்கவும் அதனைப் பயன்படுத்தினார். 1778-இல் அது அச்சேறியது. 1782-இல் சொன்னெரா என்னும் பயணி, இது மறைப்பணியாளர் ஒருவரின் ஆக்கம் என்று அறிவித்தார். திருச்சபையின் பகைவர் தமக்குப் படைக்கலமாக ஏந்திய நூல், சிலை வழிபாட்டை மறுக்கக் கிறிஸ்தவ மறைப்பணியாளர் எழுதியதாக முடிந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. சென்னையில் அலுவலராயிருந்த எல்லிசு, புதுச்சேரியில் இருந்த கையெழுத்துப்படிகளைக் கண்டு எழுதிய கட்டுரை 1822-இல் வெளிவந்தது. இதனை எழுதியவர் தத்துவ போதகரே என்னும் கருத்து அதன்வழிப் பரவியது. ஆய்வின்றி நூலுக்கு நூல் அது படியெடுக்கப்பட்டு, அவர் 'கள்ள வேதம்' புனைந்தவர் என்னும் பழியாக வளர்ந்தது. லூதோ ரோசே 1984-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நூல் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயேசு சபையினரின் சூழலைச் சார்ந்தது என்பதைத் தெளிவாக்கியது. 1656-இல் மயிலாப்பூரில் இறந்த ஒருவர் மீது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக நின்ற பழி அது. ஒரு சான்றை வெறுப்பினால் நம்புவதும் விருப்பினால் நம்புவதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மதுரை வழக்கு

தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அங்கு அவருக்கு முன்னரே பணியாற்றிக் கொண்டிருந்தவர் கொன்சாலோ பெர்னாந்தசு. நோபிலி துறவியின் காவி உடுத்து, புலால் நீக்கி, சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமணரிடம் வடமொழி கற்றார். புதிதாக மறைதழுவியோர் பூணூலும் குடுமியும் சந்தனமும் தொடர்ந்து அணியலாம் என்றார். இவை குலத்தின் அடையாளங்கள், சமயத்தின் அடையாளங்கள் அல்ல என்பது அவர் வாதம். பெர்னாந்தசு 1610-இல் மேலிடத்திற்கு முறையிட்டார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் சென்றது. 1623 சனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் சில வரையறைகளுடன் நோபிலிக்கு இசைவு தந்தார்.

இருவரும் கண்ட ஊர் ஒன்று, மக்கள் ஒருவரே. ஆனால் சான்று தேடிய இடங்கள் வேறு. 1613-இல் இலத்தீனில் எழுதிய அறிக்கையில் நோபிலி வடமொழி நூல்களிலிருந்து மேற்கோள் காட்டி, நூல் கூறும் விதியைக் கொண்டு வழக்கத்தின் பொருளை நிறுவுகிறார். 1616-இல் எழுதிய ஏட்டில் பெர்னாந்தசு, பிராமணரின் சடங்குகள் பிறப்பு முதல் இறப்பு வரை எவ்வாறு நடைபெறுகின்றன என்று ஒன்றன்பின் ஒன்றாக விவரித்து, சமயம் கலவாத வழக்கம் ஏது என்று வினவுகிறார். நோபிலியின் அறிக்கையை இராசமாணிக்கம் அடிகளார் 1972-இல் பாளையங்கோட்டையில் பதிப்பித்தார். பெர்னாந்தசின் ஏட்டை விக்கி அடிகளார் 1973-இல் லிஸ்பனில் பதிப்பித்தார். மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் எதிரெதிர் நின்ற இருவரும் ஓராண்டு இடைவெளியில் அச்சேறினர். இருவரையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது, நோபிலியை மாமேதை என்றும் பெர்னாந்தசைக் குறுகிய மனத்தர் என்றும் ஒரு வரியில் முடித்துவிடும் பழைய வழக்கம் நிற்க இயலாது போகிறது. பண்பாடு எங்கே முடிகிறது, சமயம் எங்கே தொடங்குகிறது என்னும் அவர்களின் வினா நம்முடையதாகவே தொடர்கிறது.

இவ்வழக்கின் அடுத்த கட்டம் நம் ஆய்வுமுறைக்கே ஒரு சோதனை. திருத்தந்தையின் தூதராக வந்த தூர்னோன் 1703 நவம்பரில் புதுச்சேரியை அடைந்து, உடல்நலமின்றிப் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்து, 1704-இல் மலபார் வழக்கங்களைத் தடைசெய்யும் பதினாறு கட்டளைகளை வெளியிட்டார். 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவற்றைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார். மறைப்பணியாளர் எடுக்க வேண்டியிருந்த உறுதிமொழி 1940-இல்தான் நீக்கப்பட்டது. இவ்வரலாற்றை நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே விதமாகவே கூறிவந்துள்ளனர்: பண்பாட்டு மயமாதலுக்கு வித்திட்ட நோபிலியின் வழியை, மொழியறியாத ஒரு தூதர் அடைத்துவிட்டார் என்று.

இக்கூற்றில் உண்மையுண்டு. ஆனால் அந்தப் பதினாறு கட்டளைகளையும் மீண்டும் படித்தால் வேறொரு முகமும் தெரிகிறது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் தடுத்த அதே ஆணை, மாதவிலக்கைக் காரணம் காட்டிப் பெண்களை ஒப்புரவிலிருந்து விலக்கலாகாது என்றது. பறையர் குலத்தார் நோயுற்றுக் கிடந்தால், குரு அவர்களுடைய குடிசைக்கே சென்று அருள்சாதனங்களை வழங்க வேண்டும் என்றது. இக்கட்டளை ஏன் தேவைப்பட்டது? உயர்குலத்தாரின் மதிப்பை இழக்க நேரும் என்று அஞ்சி, குருக்கள் சிலர் அக்குடிசைகளுக்குள் நுழையாதிருந்தனர்; நோயாளிகளை வெளியே சுமந்து கொணரும் வழக்கம் இருந்தது. 1744-இல் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வும் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்துவதாகவே அமைந்தது.

பண்பாட்டு மயமாதலை மட்டும் தேடியவர் கண்ணில் இவ்வரிகள் படவில்லை. படாமைக்குக் காரணம் அவை மறைந்திருந்தமை அன்று. ஆண்டாண்டுகளாக அச்சிலேயே இருந்தன. குடிசையில் கிடந்த நோயாளியின் இடத்திலிருந்து அந்த ஏட்டைப் படிக்க எவரும் முன்வரவில்லை. 1980-களில் தலித் இறையியல் எழுந்த பின்னரே இவ்வரிகள் பேசத் தொடங்கின. 1623-ஆம் ஆண்டு ஏட்டின் இறுதியிலும், உயர்குலத்தோர் எளியவரைக் கோவிலில் இகழலாகாது என்று திருத்தந்தை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறார். நோபிலி பெற்ற இசைவை மேற்கோள் காட்டியவர் பலர். அம்மன்றாட்டை மேற்கோள் காட்டியவர் சிலரே. ஆதலால் புதிய மூலம் கிடைத்தால்தான் புதிய உண்மை கிட்டும் என்பதில்லை. பழைய மூலத்தையே யாருடைய துயரத்தின் அருகில் அமர்ந்து படிக்கிறோம் என்பதும் ஆய்வு அணுகுமுறையே.

ஏடுகளின் மௌனம்

நாம் இதுவரை கண்ட சான்றுகள் பெரும்பாலும் ஐரோப்பியர் எழுதியவை. திருமுழுக்குப் பெற்றவர்களின் குரல் அவற்றில் அரிதாகவே கேட்கிறது. 1554-ஆம் ஆண்டுச் சுவடியை லிஸ்பனில் உருவாக்கிய தமிழர் மூவரின் பெயர்கள் போர்த்துக்கீசிய வடிவத்திலேயே நமக்குக் கிடைத்துள்ளன: விசெந்தே, சோர்சே, தொமா. அவர்தம் தாய் அழைத்த பெயர் எதுவோ! மேலும் போர்த்துக்கல் அரசு 1759-இல் இயேசு சபையினரை வெளியேற்றியதும், 1773-இல் சபையே கலைக்கப்பட்டதும் மடல்களின் தொடர்ச்சியை அறுத்துவிட்டன. 1838-ஐ ஒட்டிச் சபையினர் மதுரைக்குத் திரும்பும்வரை நம்பிக்கையைக் காத்தவர்கள் பாரிசு வேதபோதக சபையினரும், கோவாக் குருக்களும், பெரும்பாலான ஊர்களில் வேதியர்களும் குடும்பத் தாய்மாருமே. அவர்கள் மடல் எழுதவில்லை.

எழுதாதவரின் இறையியலை எங்கே தேடுவது? அம்மானைகளில் தேடலாம், வாசகப்பாக்களில் தேடலாம், தவக்காலப் புலம்பல்களில் தேடலாம். வீரமாமுனிவரின் தேம்பாவணியைப் புலவர் படித்தனர். அவருடைய கித்தேரியம்மாள் அம்மானையோ எளிய நடையால் மக்களுக்கு நெருங்கியது. யாழ்ப்பாணத்து ஞானப்பள்ளும் இவ்வகையில் ஆராயத் தக்கது. ஊர்த் திருவிழாவில் யார் தேர் இழுத்தனர், யார் விலக்கப்பட்டனர் என்பதும் திருச்சபை பற்றிய ஒரு கோட்பாட்டையே செயலால் உரைக்கிறது. கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பப்பட்ட சுவர் ஒன்று, உயிர்ப்பைப் பற்றி அவ்வூரார் உண்மையில் என்ன நம்பினர் என்பதை நூல்களினும் தெளிவாகக் கூறிவிடும்.

இன்னொரு மூலமும் நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. கானோவின் நூல் அச்சான அதே 1563-இல் திரிதெந்தின் சங்கம், பங்குக் குருக்கள் திருமணப் பதிவேட்டைப் பேணுமாறும், திருமுழுக்கில் ஞானப்பெற்றோரின் பெயர்களைப் பதியுமாறும் விதித்தது. அவ்விதியின் பயனாக நம் பங்குகளில் பதிவேடுகள் உள்ளன. ஞானப்பெற்றோராக நின்றவர் யார்? எக்குலத்தார் எக்குலத்தாருக்கு நின்றனர்? பஞ்ச ஆண்டுகளில் இறந்த குழந்தைகள் எத்தனை? எந்தத் தலைமுறையில் போர்த்துக்கீசியப் பெயர் குறைந்து தமிழ்ப்பெயர் மிகுந்தது? இவ்வினாக்களுக்கு விடை அங்கே உண்டு. ஆனால் அங்கேயே கரையானும் ஈரமும் உண்டு.

செய்ய வேண்டுவன

இவற்றால் நாம் பெறும் நெறிகள் சில. மொழிபெயர்ப்பில் நில்லாது மூலத்தையே அணுகுதல் முதலாவது. எழுதியவர் யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்று வினவுதல் இரண்டாவது. எதிர்த்தரப்பின் ஏட்டையும் உடன்வைத்துப் படித்தல் மூன்றாவது. ஏட்டில் இடம்பெறாதவரைத் தேடுதல் நான்காவது. இவை நான்கும் எந்த வரலாற்று ஆய்வாளருக்கும் உரியவை. இறையியலாருக்கு ஐந்தாவதும் ஒன்றுண்டு. கிடைத்த உண்மையை நற்செய்தியின் முன்வைத்து, இம்மனிதர் நடுவே ஆண்டவர் எங்கே ஏற்கப்பட்டார், எங்கே விலக்கப்பட்டார் என்று தீர்ப்பிட அவர் அஞ்சலாகாது. அத்தீர்ப்பு முதலில் தம் சபை மீதே விழும் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும்.

இன்று ஐரோப்பியக் காப்பகங்கள் பலவற்றின் ஏடுகளைக் கணினித் திரையிலேயே காண இயல்கிறது. தனிநாயகம் அடிகளார் கப்பலேறிக் கண்டவற்றுள் சிலவற்றை நம் மாணவர் அறையிலிருந்தே காணலாம். ஆனால் போர்த்துக்கீசியமும் இலத்தீனும் கற்று அவற்றைப் படிப்போர் நம்மிடையே அருகி வருகின்றனர். தொலைவிலுள்ள ஏடு அருகில் வந்துவிட்டது; அருகிலுள்ள பங்குப் பதிவேடோ தொலைந்து வருகிறது. ஒவ்வொரு பங்கும் தன் பழைய ஏடுகளைப் படியெடுத்து மறைமாவட்டக் காப்பகத்தில் சேர்த்தல், முதியோர் வாயிலுள்ள பழைய மன்றாட்டுகளையும் புலம்பல்களையும் பதிவு செய்தல், குருமட மாணவர் சிலரையேனும் பழைய மொழிகளில் பயிற்றுதல் ஆகிய மூன்றும் நம் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை அல்ல.

வாக்கு மனிதரானார் என்று நம்புகிற நாம், மனிதரின் தடங்களைப் புறக்கணித்துவிட்டு அவ்வாக்கை ஆராய இயலாது. 'வேணும்' என்பதை 'விசுவாசம்' என்று திருத்தும்படி எழுதிய அந்தச் சிறு மடலை எவரோ பத்திரப்படுத்தினார்; அதனால் நம் நம்பிக்கை அறிக்கை தமிழில் எவ்வாறு நாவெடுத்தது என்பதை இன்று அறிகிறோம். நம் காலத்தில் நம்பிக்கை எவ்வாறு வாழப்பட்டது என்பதை வருங்காலத்தவர் அறியும்பொருட்டு நாம் எதைப் பத்திரப்படுத்துகிறோம் என்பதே நம்முன் நிற்கும் வினா.